மணாலியில் ஒரு பனைமரம்

குதிகால் வெடிப்பில் உப்பு ஏறியதும் ஆரோக்கியசெல்விக்கு வலி முழங்கால் வரைக்கும் விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துத்தான் ஆகவேண்டும். கீழே செங்கல்லில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை மாதம். காலை ஏழு மணிக்கே மரக்காணம் உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அவள் நின்றது இரண்டு ஆள் உயர உப்புக் குவியலின் உச்சியில். உடம்பில் கழுத்துவரை மூடிய கம்பளி ஸ்வெட்டர். ஆரோவில்லில் வீட்டுவேலை பார்க்கும் சித்திக்கு ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தது. உள்ளே வியர்வை முதுகில் ஓடி இடுப்பில் தேங்கியது. கம்பளி எறும்பு ஊர்கிற மாதிரி அரித்தது. சொறிய முடியாது. மணாலியில் யாரும் முதுகைச் சொறிய மாட்டார்கள்.

இரண்டு கையாலும் உப்பை அள்ளித் தலைக்கு மேலே வீசினாள். பனித்தூறல் மாதிரி மெதுவாக இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. உப்புக்கு அது தெரியவில்லை. கொத்தாக வந்து நேராகக் கண்ணுக்குள் விழுந்தது.

"ஐயோ, கண்ணு!"

"எவ அது குவியல் மேல? எறங்குடி கீழ!"

ரோட்டோரக் கொட்டகையிலிருந்து காவல்காரர் கண்ணாயிரம் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செல்வி உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, போனைப் பொறுக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே வரப்பு மேல் ஓடினாள். அந்த வரப்பில் நடந்து வளர்ந்த கால். கண் தேவைப்படவில்லை.

கண்ணாயிரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவார். அம்மா லூர்துமேரி நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்துக் காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் செல்விதான். அன்றைக்கு முதல் இன்டர்னல் தேர்வு வேறு.

இதெல்லாம் தொடங்கியது மே மாதத்தில்.

லீவு விட்டதும் செல்வி அம்மாவோடு கூலிக்குப் போனாள். ஒருநாள் மத்தியானம் பனைமர நிழலில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே போனைத் திறந்தாள். இன்ஸ்டாகிராமில் தமிழ்நிலா. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வெள்ளைவெளேர் என்ற பனிமலை மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையை விரித்து நின்றாள். "மணாலி. மைனஸ் ரெண்டு டிகிரி. கனவு நனவான நாள்" என்று கீழே போட்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு லைக்.

செல்விக்கு வாயில் போட்ட சோறு இறங்கவில்லை. பார்த்தாள். போனை வைத்தாள். திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். லைக் நானூற்று முப்பது ஆகியிருந்தது. தன் காலைப் பார்த்தாள். வெடிப்பு வெடிப்பாக, உப்புப் பூத்து, கருவாடு மாதிரி இருந்தது.

அந்தப் பனி நம்ம உப்பு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. அடுத்த நிமிஷம், நம்ம உப்பும் அந்தப் பனி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதுதான் வினை.

மறுநாள் சித்தியிடம் ஸ்வெட்டரை வாங்கி, குவியல் மேல் ஏறி ஒரு படம் எடுத்துப் போட்டாள். "நானும் மணாலி. செம குளிர்." சாயங்காலத்துக்குள் முந்நூறு லைக். பிறந்ததிலிருந்து அவளை முந்நூறு பேர் சேர்ந்து எதற்கும் பாராட்டியதில்லை. ராத்திரி கஞ்சியில் உப்பு இல்லாததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் தமிழ்நிலா கமெண்ட் போட்டாள். "நீயுமா? எப்போ போன? எங்க எடுத்தது இது?"

மூன்று கேள்விக்குறி.

கூடவே வகுப்புப் பையன் ஜெயப்பிரகாஷ் கேட்டான். "பின்னாடி ஓரத்துல யாரோ குனிஞ்சிருக்காங்களே, யாரு?"

செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெட்டி எறிய மறந்துபோன மூலையில் அம்மா. முக்காடு போட்ட தலை, வளைந்த முதுகு, கையில் உப்பு வாருகிற பலகை.

பதில் சொல்லாவிட்டால் இன்னும் கேட்பான். அவசரத்தில் விரல் தானாக அடித்தது: "அது ஓட்டல் வேலைக்காரம்மா. வாசல்ல பனி வார்றாங்க."

பதினோரு பேர் சிரித்துவைத்தார்கள். அன்றைக்கு அம்மா சோறு போடும்போது செல்வி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாடி, காய்ச்சலா? மூஞ்சி செத்துப்போய் இருக்குது."

"ஒண்ணுமில்லம்மா."

"அந்தப் போனக் கொஞ்சம் கீழ வெய்யி. அதுக்கும் சேத்து நானா ஊட்டிவிடணும்?"

காலேஜ் திறந்தது. முதல் நாளே தமிழ்நிலா பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த ஓட்டல்டி?"

"ஓட்டல்... ஸ்னோ பேலஸ்."

"ரூம்ல ஹீட்டர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு."

இல்லாத ஓட்டலுக்கு இரண்டு ஹீட்டர் போட்டுக் கொடுத்தாள் செல்வி. தமிழ்நிலா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னவோ எழுதினாள்.

"எதுக்குடி எழுதற?"

"சும்மா, ஞாபகத்துக்கு. டெல்லியிலேர்ந்து எதுல போனீங்க?"

"பஸ்ஸுலதான்."

"எத்தினி மணி நேரம்?"

"நீயும்தானே போன, உனக்குத் தெரியாதா?"

"நாங்க கார்ல போனோம். அதான் கேக்கறேன். சொல்லு."

"பத்து... பதினாலு மணி நேரம்."

பத்தா பதினாலா என்று பக்கத்தில் கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில்கூட முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இப்படி எழுதுவார்கள்.

தினமும் நடந்தது. அங்கே என்ன சாப்பிட்டீர்கள், விலை எவ்வளவு, பனியில் நடந்தால் கால் எப்படி ஆகும், மூக்கு ஒழுகுமா. செல்வி பஸ்ஸில் வரும்போதெல்லாம் மணாலியைப் பற்றியே போனில் படித்தாள். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி படிப்பாள், போனைப் பார்ப்பாள், என்ன படித்தோம் என்று மறந்து மறுபடி முதலிலிருந்து படிப்பாள். கம்பெனிச் சட்டத்தில் முதல் பாடத்தை இப்படி ஒன்பது முறை தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் மணாலியில் எந்த மாதம் எந்தச் சாலையை மூடுவார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். தூக்கம்தான் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே தமிழ்நிலா கேட்டாள்.

"பனிய நாக்குல வெச்சுப் பாத்தியா?"

"வெச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கரிச்சுது."

வாயை விட்டு வந்துவிட்டது. பத்தொன்பது வருஷப் பழக்கம். செல்விக்குக் காதுக்குள் வண்டு கத்தியது.

தமிழ்நிலா அவளையே பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. டிபன் பாக்ஸை மூடினாள். சாப்பிடாமலே எழுந்து போனாள்.

கண்டுபிடித்துவிட்டாள். இனி வகுப்பில் சொல்வாள். வகுப்பு காலேஜில் சொல்லும். உப்பைப் பனி என்று விற்றவள் என்று பேர் வைப்பார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பேர் துரத்திக்கொண்டு வரும். அந்தப் பேரோடு அந்த வாசலில் நுழைய முடியாது. செல்வி அப்போதே முடிவு செய்தாள்: விஷயம் வெளியே வந்தால் காலேஜுக்கு முழுக்கு.

வெளியே வராமல் இருக்க வழி தேடினாள். ஒரே ஒரு படம் இருப்பதால்தானே சந்தேகம்? வீடியோ போட்டுவிட்டால்? அப்படித்தான் தேர்வு நாள் காலையில் குவியல் மேல் ஏறிக் கண்ணில் உப்பைப் போட்டுக்கொண்டாள்.

கண் இரண்டும் கோவைப்பழமாக வீங்கி, அரை மணி நேரம் தாமதமாகத் தேர்வுக்குப் போனாள். கேள்வித்தாளில் எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் நீந்தியது. பாடம் எடுக்கும் அசோகன் சார் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, அழறியா?"

"இல்ல சார்."

"கேள்வி அவ்ளோ கஷ்டமா?"

"படிக்கவே முடியல சார்."

"தெரியுதும்மா. மத்தவங்களும் அதத்தான் சொல்றாங்க."

ஐம்பதுக்கு ஆறு வந்தது. அதில் இரண்டு, பேரைச் சரியாக எழுதியதற்காக இருக்கும்.

வீடியோவைப் போட்டாள். பழைய நினைவுகள் என்று தலைப்பு. கண்ணில் விழுந்த இடத்தை வெட்டிவிட்டு, மேலே பனி கொட்டுகிற மாதிரி ஒரு ஃபில்டரும் சேர்த்தாள். ஒரு மணி நேரம் லைக்காக வந்து கொட்டியது. அப்புறம் யாரென்றே தெரியாத ஒருவன் வந்தான்.

"மணாலியில பனைமரமா?"

செல்வி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால், கொட்டுகிற பனிக்கு நடுவே, ஒரு பனைமரம் ஜம்மென்று நின்றது.

"அது பைன் மரம். அந்த ஊர்ல அப்படித்தான் இருக்கும்" என்று எழுதினாள்.

"பைன் மரத்துல நுங்கு தொங்குதேம்மா."

அந்த கமெண்டை அழித்தாள். அழித்தது அவனுக்கு ரோஷமாகிவிட்டது. மரத்தை மட்டும் வட்டம் போட்டு, "இமயமலை நுங்கு, கிலோ எவ்ளோ?" என்று தன் பக்கத்தில் போட்டான். அதை நாற்பது பேர் பகிர்ந்தார்கள். ஜெயப்பிரகாஷ் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் கொண்டுவந்து போட்டு, "இது நம்ம செல்வி மாதிரி இல்ல?" என்று கேட்டான். செல்வி போனை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். பத்து நிமிஷத்தில் தானே தோண்டி எடுத்தாள்.

மறுநாள் அசோகன் சார் வகுப்புக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். செல்வி நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

"இந்த வகுப்புல ரெண்டு பேரு மணாலி போயிட்டு வந்திருக்கீங்களாமே? எனக்குச் சொல்லவே இல்ல பாத்தியா. வெள்ளிக்கிழமை நம்ம நாட்டை அறிவோம்னு ஒரு விழா. பிரின்சிபால் வர்றாரு, முந்நூறு பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க. தமிழ்நிலா, ஆரோக்கியசெல்வி, மேடையில ஆளுக்குப் பத்து நிமிஷம் உங்க அனுபவத்தச் சொல்லணும். அப்புறம் பிள்ளைங்க கேள்வி கேப்பாங்க."

வகுப்பு கைதட்டியது. பின் பெஞ்சிலிருந்து யாரோ, "நுங்கு பத்தியும் சொல்லணும் சார்" என்றான். சாருக்குப் புரியவில்லை. "எல்லாத்தையும் சொல்லட்டும்பா" என்றார்.

மணி அடித்ததும் தமிழ்நிலா செல்வியின் கையைப் பிடித்தாள். விரல் ஐஸாக இருந்தது.

"நீ முதல்ல பேசு."

"நான் எதுக்கு? நீதானே முதல்ல போன. நீ பேசு."

"இல்லடி, நீ பேசு. நீ என்ன பேசப்போறேன்னு முழுசா எழுதிக் குடு. நான் ஒருவாட்டி பாத்துக்கறேன்."

"எதுக்கு?"

"பாத்துக்கறேன், அவ்ளோதான்."

முதலில் தன்னைப் பேசவிட்டு, பின்னால் அவள் ஏறி வரிக்கு வரி கிழிக்கப்போகிறாள். பிரின்சிபால் முன்னால். முந்நூறு பேர் முன்னால். செல்விக்கு மேடை கண்முன் வந்தது. அதில் அவள் ஸ்வெட்டரோடு நின்றாள். பக்கத்தில் ஒரு பனைமரம்.

வியாழக்கிழமை அவள் காலேஜுக்குப் போகவில்லை.

"இன்னிக்கு லீவாம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உப்பளத்துக்குக் கூடவே வந்தாள். வீட்டில் தனியாக இருந்தால் போனைப் பார்த்தே செத்துவிடுவோம் என்று பயம். பாத்தியில் இறங்கிப் பலகையை இழுத்தாள். இரண்டு இழுப்புக்கு ஒருதரம் இடுப்பில் சொருகியிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்பதரைக்கு அது அதிர்ந்தது. தமிழ்நிலா.

"அந்த வீடியோவ உடனே எடுத்துடு. மரம் தெரியுது. நீ ஏன் இன்னிக்கு வரல? எனக்கு எல்லாம் தெரியும். நேர்ல பேசணும். உங்க ஊருக்கு வர்றேன்."

செல்விக்குக் கையிலிருந்து பலகை நழுவியது. அவசரமாக அடித்தாள்: "நாங்க ஊர்ல இல்ல. குடும்பத்தோட வேளாங்கண்ணி வந்திருக்கோம்."

"பரவால்ல. உங்கம்மா உப்பு பிசினஸ்னு சொன்னியே. அங்க யாரையாவது கேட்டுக்கறேன்."

இது முன்னதைவிட மோசம். ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு செல்வி அனுப்பினாள்: "வேளாங்கண்ணியிலேர்ந்து வந்துட்டோம்."

"அஞ்சு நிமிஷத்துலயா?"

செல்வி போனை மறுபடி இடுப்பில் சொருகினாள். திண்டிவனத்திலிருந்து பஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வருகிறவள் பார்க்கப்போவது என்ன? ஓட்டல் வேலைக்காரம்மாவை. அதே முக்காடு, அதே முதுகு, அதே பலகை.

முக்கால் மணி நேரம் யோசித்தும் ஒரே வழிதான் தெரிந்தது: அம்மாவை அப்புறப்படுத்த வேண்டும்.

"அம்மா, வீட்டுக்குப் போலாம்மா."

"கூலிய யாரு குடுப்பா, உங்க காலேஜா?"

"எனக்கு உடம்பு சரியில்லம்மா. மயக்கமா வருது."

சொல்லியிருக்கக் கூடாது. லூர்துமேரி பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உப்புக் கையாலேயே மகள் நெற்றியைத் தொட்டாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. ரெண்டு மாசமா உனக்குச் சோறு எறங்கல. பாதித் தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கற. தனியா சிரிக்கற, தனியா மொறைக்கற. எவனாவது ஏதாவது பண்ணானா? உள்ளதச் சொல்லு."

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப அந்தப் படிப்புதான் உன்னத் தின்னுது." லூர்துமேரி முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே ருசி. "வேணாம், நின்னுடு. காலேஜு வேணாம். ஆளு உசுரோட இருந்தாப் போதும். நாளையிலேர்ந்து என்கூட வந்துடு, உனக்கொரு பலகை வாங்கிக்கலாம்."

அன்றைக்குக் கேட்டதிலேயே செல்வியை நிஜமாக நடுங்கவைத்தது இதுதான். தமிழ்நிலாவுக்குப் பயந்து காலேஜை விடுவது என்று அவள் தன் மனசுக்குள் நூறு முறை முடிவு செய்திருக்கிறாள். அதை அம்மா வாயால் கேட்டபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. இந்தப் பாத்தி. இந்தப் பலகை. இந்த முதுகு. நாற்பது வருஷம்.

"அம்மா, அப்படி சொல்லாதம்மா..."

ரோட்டில் பஸ் நின்ற சத்தம் கேட்டது.

செல்வி திரும்பினாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தமிழ்நிலா இறங்கினாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, குனிந்த தலையோடு வேகமாக வரப்பில் ஏறி வந்தாள்.

செல்வி குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள்.

"ஏய், மயக்கம்னு சொல்லிட்டு எங்கடி ஓடற?" என்று லூர்துமேரி கத்தினாள்.

"நான் இல்லன்னு சொல்லும்மா!"

"யாருகிட்ட?"

அதற்குள் தமிழ்நிலா வந்துவிட்டாள். உப்பில் ஒட்டிக்கொண்டு செல்வி மூச்சை அடக்கினாள். இதயம் அடிக்கிற அடியில் குவியலே சரிந்துவிடும்போல இருந்தது.

"அம்மா, இங்க ஆரோக்கியசெல்வின்னு..."

"இல்லன்னு சொல்லச் சொன்னாம்மா. இதோ, பின்னாடிதான் குந்திக்கினு இருக்குது." லூர்துமேரிக்குப் பொய் பழக்கமில்லை. "நீ அதோட காலேஜு பிரெண்டா? நல்லதாப் போச்சு. அதுக்கு இன்னா ஆச்சுன்னு நீயாவது சொல்லேன். பெத்தவளுக்கு ஒண்ணும் புரியல."

சொல்லிவிடுவாள். இப்போது, இங்கேயே, அம்மாவிடமே சொல்லிவிடுவாள். உங்க பொண்ணு உங்கள வேலைக்காரின்னு சொல்லுச்சு என்று. அதை இன்னொருத்தி வாயிலிருந்து அம்மா கேட்கக் கூடாது.

செல்வி எழுந்து வெளியே வந்தாள். பாவாடையெல்லாம் உப்பு.

"நானே சொல்லிடறேன். இது எங்கம்மா. அந்தப் படத்துல ஓரத்துல இருந்தது இவங்கதான். ஓட்டல்ல பனி வார்றவங்க இல்ல. உப்பு வார்றவங்க. அந்த உப்புலதான் நான் படிக்கறேன். மணாலிக்கு நான் போனதே இல்ல. திண்டிவனத்தத் தாண்டி எங்கயும் போனதில்ல. போ, போய் எல்லாருகிட்டயும் சொல்லு. மேடையிலயே சொல்லு. நான் நாளைக்கு வருவேன், வந்து உக்காந்து கேப்பேன். காலேஜ மட்டும் விட மாட்டேன்."

ஒரே மூச்சில் சொன்னதால் கடைசியில் குரல் கீச்சென்று போய்விட்டது.

லூர்துமேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருடி பனி வார்றது?"

தமிழ்நிலா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உதடு காய்ந்துபோய், செல்வியின் தோளுக்கு மேலே கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா பேசாதடி" என்றாள். "கெஞ்சிக் கேக்கறேன். மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? யாருக்கு இனிமே பயம்?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் தடியை ஊன்றிக்கொண்டு வந்தது. கண்ணாயிரம். குவியலில் ஏறி மிதித்ததற்கு இன்றைக்குப் பஞ்சாயத்துதான் என்று செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்கு முன்னால் செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று. திறந்து பார்த்தபோது அவர் தமிழ்நிலாவுக்கு எதிரே நின்று, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா திண்டிவனம், மே மாசம் இதே குவியல் மேல ஏறி நின்னு போட்டோ புடிச்சிட்டு, சில்லறை இல்ல, நாளைக்குக் குடுக்கறேன்னு போனவதானே நீ? எங்கிட்ட வாங்கிப் போட்ட ஸ்வெட்டருக்கு வாடகை நாப்பது ரூபா இன்னும் பாக்கி இருக்குது."